கண்மாய்க் கரையில் ஊர் கூடிச் செய்யும் மண் சிற்பம்: சுடுவதா, கரைய விடுவதா?

கண்மாயைத் தூர்வாரி, கரையில் மரக்கன்று நட்டு முடித்த ஊர்களில் அடுத்து ஒரு பேச்சு எழுகிறது. ஏரியைக் காப்பாற்றப் பாடுபட்டு ஓரளவு வென்ற நகர்ப்புறக் குடியிருப்புகளிலும் அதே பேச்சுதான். “எல்லாரும் சேர்ந்து கையால ஏதாவது செஞ்சு வைக்கணும். இந்தக் கரைக்குத் திரும்பி வந்த செடி, கொடி, காய், விதை எல்லாத்தையும் மண்ணுல செய்வோம்.” யோசனை அருமையானது. அதற்கு அடுத்த படியில்தான் சிக்கல். ஒருவர் சூளையில் சுட்டு வைக்கலாம் என்பார். இன்னொருவர், சுட வேண்டாம், உள்ளே விதையை வைத்து மழையில் கரைய விடலாம் என்பார். பள்ளி ஆசிரியர் கடையில் கிடைக்கும் வண்ணக் களிமண்ணே போதும் என்பார். சிமென்ட் பூசிவிட்டால் காலத்துக்கும் நிற்குமே என்று சொல்ல ஒருவர் கட்டாயம் இருப்பார்.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்குத்தான் இந்த ஒப்பீடு. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “எத்தனை வருஷம் நிற்கும்?” என்ற கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, “இந்த மண் எங்கிருந்து வருகிறது, வேலை முடிந்தபின் எங்கே போகும்?” என்பது. நீர்நிலையை மீட்ட மகிழ்ச்சியில் செய்கிற வேலை இது. செய்கிற பொருளே அந்த நிலத்துக்குப் பாரமாகிவிட்டால் மனசு ஒப்பாது.

ஊர் கூடி மண்ணில் உருவம் செய்து நிறுத்துவது நமக்குப் பழகிய காரியம். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் புரவி எடுப்பு பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அய்யனாருக்குக் குதிரை எடுப்பதென்று ஊர் முடிவு செய்ததும், மண்ணில் பானையும் சிலையும் செய்யும் வேளாரிடம் ஒரு பிடி மண்ணைக் கொடுப்பார்கள். அதற்குப் பிடிமண் கொடுப்பது என்று பெயர். பிடிமண்ணை வாங்கிய பிறகுதான் வேளார் வேலையைத் தொடங்குவார். களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்துக் காலால் மிதித்துப் பதமாக்கி, முதலில் நான்கு கால்களை உள்ளே கூடான உருளைகளாக எழுப்பி, அதன்மேல் உடலும் கழுத்தும் தலையுமாக வளர்த்துச் சுட்டெடுப்பார். ஊரே திரண்டு அந்தப் புரவிகளைச் சுமந்துகொண்டு கோயிலுக்குப் போகும். கோயிலில் வைத்த குதிரைகளைப் பெரும்பாலும் யாரும் பழுதுபார்ப்பதில்லை. வெயிலும் மழையும் பட்டு, காது உடைந்து, கால் உடைந்து அங்கேயே கிடக்கும். அடுத்த எடுப்பில் புதிய குதிரைகள் வந்து பக்கத்தில் நிற்கும். புதுக்கோட்டை மாவட்டம் நமணசமுத்திரம் அய்யனார் கோயிலுக்குப் போனால் இப்படி வரிசை வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம்.

இதில் நம் முடிவுக்கு உதவும் செய்தி இரண்டு உண்டு. மண்ணை ஊர் கொடுக்கிறது, வேலையை அந்தத் தொழில் தெரிந்தவர் செய்கிறார். அப்புறம், செய்ததைச் சாகாவரம் பெற்ற பொருளாக யாரும் நினைப்பதில்லை. மறுபடி செய்வார்கள்.

முதலில் மண்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் கண்மாய் மண்ணை நம்பித்தான் ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்றால், அது யாருடைய கண்மாய் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வண்டலையும் களிமண்ணையும் கட்டணமில்லாமல் எடுக்க அனுமதி உண்டு. 2024 முதல் அந்த அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே வாங்கலாம். நீங்கள் கூட்டாகச் செய்யும்போது ஒரு வேளாரையோ குயவரையோ சேர்த்துக்கொண்டு அவர் பெயரில் விண்ணப்பிப்பது எல்லா வகையிலும் நல்லது.

கையில் எடுத்த மண் சிற்பத்துக்கு ஆகுமா என்று பார்க்கப் பெரிய பரிசோதனை வேண்டாம். சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து, விரல் தடிமனில் உருட்டி, உங்கள் விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் களி போதுமான அளவு இருக்கிறது. பொலபொலவென்று உதிர்ந்தால் மணல் கூடுதல். வளைகிறது, ஆனால் கையை விட்டு வர மறுத்து ஒட்டுகிறது என்றால் களி அதிகம், காயும்போது கண்டபடி வெடிக்கும், மணல் சேர்க்க வேண்டும். மண்ணில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கல் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. சுடாமல் வைப்பதாக இருந்தால் அதனால் தொல்லை இல்லை. சுடும் மண்ணில் மட்டும் அது இருக்கக் கூடாது. சூளையில் நன்றாக வெந்து வந்த உருவம், சில நாள் கழித்துக் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து அந்தக் கல் உப்பி, மேல்தோல் பொட்டுப் பொட்டாகத் தெறித்துவிடும். மண்ணைக் கரைத்துச் சல்லடையில் வடித்தால் தப்பலாம்.

நகரத்து ஏரி என்றால் ஒரு எச்சரிக்கை. சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்த ஏரியின் வண்டலைக் குழந்தைகள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். உடைந்த கண்ணாடியும் ஊசியும்கூட அதில் இருக்கும். அங்கே மண்பாண்டத் தொழிலாளியிடம் மண் வாங்குவதுதான் சரி. ஏரியைக் கொண்டாட ஏரி மண்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தைவிடப் பிள்ளைகளின் தோல் முக்கியம்.

சுடாத பச்சை மண்

இதுதான் எல்லோரையும் உள்ளே சேர்க்கும் வழி. சூளை வேண்டாம், விறகு வேண்டாம், தடிமன் கணக்குப் பார்க்க வேண்டாம். நான்கு வயதுப் பிள்ளையும் எண்பது வயது ஆத்தாவும் ஒரே பாயில் உட்கார்ந்து செய்யலாம். உடைந்தால் தண்ணீர் தெளித்து மறுபடி பிசையலாம்.

சின்ன உருவங்களை மண்ணாலேயே செய்துவிடலாம். முழங்கால் உயரத்துக்கு மேல் போனால் உள்ளே கூடு கட்ட வேண்டும். கொல்கத்தாவின் குமர்துலியில் துர்கை சிலை செய்கிறவர்கள் மூங்கிலும் வைக்கோலும் வைத்து உடம்பைக் கட்டி, அதன்மேல் மண் பூசுகிறார்கள். சுடுவதில்லை, பூசை முடிந்ததும் ஆற்றில் கரைக்கிறார்கள். நாமும் வைக்கோலைப் பிரியாகத் திரித்து, பனை நாரால் இறுக்கிக் கட்டி, தாமரைத் தண்டோ நாணல் புதரோ எதுவானாலும் அந்த வடிவத்தை முதலில் எழுப்பிவிட்டு மண் பூசலாம். கண்மாயை அடைத்துக் கிடந்த ஆகாயத்தாமரையை வாரிப் போட்டிருப்பீர்கள் அல்லவா, அதன் தண்டுகளை நன்றாகக் காயவைத்து நறுக்கி மண்ணோடு கலந்தால் நாராகப் பிடித்துக்கொண்டு வெடிப்பைக் குறைக்கும். முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும். அரைகுறை ஈரத்தோடு போனால் எங்காவது தண்ணீர் கண்ட இடத்தில் துளிர்த்துவிடும்.

விதை வைக்கும் விஷயத்தில் ஆர்வம் அறிவை முந்திவிடுகிறது. ஜப்பானிய இயற்கை வேளாண் முன்னோடி மசானபு புகுவோகா விதைப்பந்தைப் பரப்பிய பிறகு, களிமண்ணுக்குள் எதை வைத்து உருட்டினாலும் முளைக்கும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் வந்துவிட்டது. விதைப்பந்து சிறியது, சீக்கிரம் காய்ந்துவிடும். சிற்பம் பெரியது, உள்ளே ஈரம் பல நாள் நிற்கும். நடுவில் வைத்த விதை ஒன்று அழுகும், இல்லையென்றால் காயும் முன்பே முளைத்து உருவத்தைப் பிளந்துகொண்டு வாடும். அதனால் விதையைக் கடைசியில், உருவம் தோல்போல இறுகிய பிறகு, மட்கிய எரு கலந்த மண்ணோடு வெளிப்பக்கத்தில் மெல்லப் பதிக்க வேண்டும். மழை பெய்து மண் வழியும்போது அந்த விதையும் கூடவே இறங்கி அடியில் சேரும்.

எந்த விதை என்பதும் முக்கியம். வேப்ப விதைக்கு உயிர் சில வாரம்தான். போன வருஷம் சேர்த்து வைத்ததைப் பதித்தால் வீண். கொன்றை விதையின் தோல் கல்போலக் கெட்டி, வெந்நீரில் ஊறவைத்தோ உரசியோ விட்டால்தான் முளைக்கும். முதல் வருஷத்துக்குச் சீக்கிரம் முளைத்து மண்ணை வளமாக்கும் செடிகளை வைப்பதே நல்லது. ஈரம் தங்கும் பக்கத்துக்குத் தக்கைப்பூண்டு, மேட்டுப்பக்கத்துக்குச் சணப்பு. நர்சரியில் கிடைக்கிற பூ விதைப் பொட்டலத்தை வாங்கிக் கண்மாய்க் கரையில் பதிக்காதீர்கள். உண்ணிச்செடியும் அழகுக்கென்று கொண்டுவரப்பட்டதுதான், இன்றைக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அது என்ன பாடு படுத்துகிறது என்று தெரியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முளைப்பது எல்லாம் பிழைக்காது. எறும்பும் குருவியும் பங்கு கேட்கும், மிச்சத்தை ஆடு மேய்ந்துவிட்டுப் போகும். வெட்டிய சீமைக்கருவேல முள்ளை வேலியாக அடைத்தால் ஆட்டிடமிருந்து தப்பும். மரம் வேண்டுமென்றால் கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றுவதுதான் வழி, சிற்பம் அதற்கு ஈடாகாது. அடுத்த குறை மனசு சார்ந்தது. தான் செய்த தாமரை ஒரே அடைமழையில் கரைந்துபோனதைப் பார்த்துப் பிள்ளைகள் கண்கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டால், அதே பிள்ளைகள் எது முதலில் கரையும், எதில் முதலில் முளைக்கும் என்று தினமும் ஓடி வந்து பார்ப்பார்கள். அப்படி வந்து வந்து பார்ப்பதுதான் எனக்கு இந்த வழியின் பெரிய பலமாகத் தெரிகிறது. கரைக்கு ஆள் வந்துகொண்டே இருந்தால் குப்பை கொட்டுபவன் யோசிப்பான்.

சுட்ட மண்

சுட்டால் மண்ணின் பிறவியே மாறிவிடும். 500, 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது களிமண்ணின் கட்டமைப்புக்குள் பிணைந்திருக்கும் நீரும் வெளியேறிவிடுகிறது. அதற்கு மேல் அதைத் தண்ணீரில் எவ்வளவு ஊறவைத்தாலும் குழையும் மண்ணாகத் திரும்பாது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளைப் பாருங்கள், கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை பின்னே போகிற இடம் அது. கீறிய பெயர் இன்னும் ஓட்டில் படிக்க முடிகிறது. ஆகவே நீங்கள் சுடும் ஒவ்வொன்றும், உடைந்தாலும் ஓடாக, உங்கள் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் அந்தக் கரையில் கிடக்கும். கெடுதல் இல்லை, நஞ்சு இல்லை. ஆனால் எல்லாவற்றையும் சுட வேண்டுமா என்று யோசிக்க இது ஒன்றே போதுமான காரணம்.

கூட்டு வேலையில் சுடுமண்ணுக்கு நிபந்தனைகள் உண்டு. தடிமன் விரலளவைத் தாண்டக் கூடாது. பெரிய உருவமென்றால் உள்ளே வெற்றிடமாக இருக்க வேண்டும், காற்றும் ஆவியும் வெளியேற ஓட்டை வேண்டும். ஒட்டுகிற இடத்தை இரண்டு பக்கமும் கீறி, கூழாகக் கரைத்த மண் தடவி அழுத்த வேண்டும். வெயிலில் வைக்காமல் நிழலில், ஒரு வாரம் இரண்டு வாரம் மெல்ல உலர்த்த வேண்டும். உள்ளே ஈரம் இருக்கிறதா என்று அறிய வேளார்கள் காய்ந்த மண்ணைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சில்லென்று இருந்தால் ஈரம் போகவில்லை. அந்த நிலையில் சூளையில் வைத்தால் 100 டிகிரியைத் தாண்டும்போது ஆவி உள்ளே முட்டிக்கொண்டு உருவம் வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் உடைத்துக்கொண்டு போகும். இருபது பிள்ளைகள் செய்ததில் ஒன்று வெடித்தால் அருகில் உள்ள ஐந்துக்கு ஆபத்து. இந்த ஒரு காரணத்துக்காகவே சூளை தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் சுடுமண்ணில் இறங்க வேண்டாம் என்பேன்.

நாட்டுச் சூளையில் 700 முதல் 900 டிகிரி வரை எட்டலாம். வைக்கோல், வரட்டி, தேங்காய் மட்டை, விறகு என்று கிடைப்பதை வைத்து எரிப்பார்கள். புகை வரத்தான் செய்யும். குடியிருப்புக்கு நடுவில் செய்யாதீர்கள். விறகுக்கு மரம் வெட்டினால் செடிகளைக் கொண்டாடும் வேலை எதிர்மாறாகிவிடும். தென் மாவட்டங்களில் இதற்கு ஒரு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. கண்மாய்க்குள்ளிருந்து பிடுங்கிய சீமைக்கருவேலத்தை அடுப்புக்கும் கரிக்கும் பயன்படுத்துவது அங்கே வழக்கம். அதையே சூளைக்கும் கொடுத்துவிடலாம். தண்ணீரைக் குடித்த மரம் தாமரையைச் சுட்டுத் தருகிறது என்று ஒரு பெரியவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சுட்டு வைக்க எது தகுதி? நான் சொல்வது, கரைக்கு வேலை செய்யும் பொருள்கள். மேற்பூச்சு இல்லாத சுட்ட மண்ணில் நுண்துளைகள் இருக்கும், தண்ணீர் மெல்லக் கசியும். பானையைக் கழுத்தளவு புதைத்துத் தண்ணீர் நிரப்பி வைத்தால் கசிவு நேராகக் கன்றின் வேருக்குப் போகும். சீனாவில் 2000 ஆண்டுக்கு முந்தைய வேளாண் குறிப்புகளிலேயே இந்தப் பானைப் பாசனம் இருக்கிறது. கண்மாய்க் கரையில் நட்ட கன்றுகள் சாவது முதல் இரண்டு கோடையில்தான். அந்தப் பானையையே நீங்கள் சிற்பமாகச் செய்யலாம். உடம்பைக் குயவர் சக்கரத்தில் இழுத்துக் கொடுப்பார். மண்ணுக்கு மேலே தெரியும் கழுத்தையும் மூடியையும் ஊர்க்காரர்கள் கையால் செய்யட்டும். தாமரைக் காயைப் போய்ப் பாருங்கள், மேலே தட்டையாக, குழி குழியாக, ஒவ்வொரு குழியிலும் ஒரு விதை. மூடிக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைக்காது. குழியில் பாதியைத் துளையாக விட்டால் மழை நீர் உள்ளே இறங்கும், கொசு நுழையாமல் உள்பக்கம் துணி கட்டிவிடலாம்.

நீர்மருதுக் காயை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குள் அடங்கும் சிறிய காய், நீளவாட்டில் ஐந்து சிறகு. ஓடைக்கரையில் விழுந்து தண்ணீரில் போவதற்கு ஏற்ற உடம்பு. அதை ஈர மண் பலகையில் அழுத்தி உருட்டினால் சிறகின் நரம்பு வரைக்கும் பதியும். அந்தப் பலகையைச் சுட்டு மரத்தடியில் வைத்தால் மரத்துக்குப் பெயர்ப்பலகை ஆயிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவரும் காயைத் தடவிப் பார்த்து மரத்தைச் சொல்வார். எருக்கங்காய், ஊமத்தைக் காய், முருங்கை விதை, கொன்றை நெற்று என்று கரையைச் சுற்றினாலே வடிவங்களுக்குப் பஞ்சமில்லை. எருக்கும் ஊமத்தையும் நஞ்சு, தொட்ட கையை வாயில் வைக்காமல் கழுவச் சொல்லுங்கள்.

வெளியில் வைத்த சுடுமண் நம் சமவெளியில் பல வருஷம் தாங்கும். பாசி பிடிக்கும், அதைத் தேய்த்துக் கழுவ வேண்டிய அவசியமே இல்லை. உறைபனி விழும் ஊட்டி போன்ற இடங்களில் மட்டும் துளைகளில் ஏறிய நீர் உறைந்து விரிந்து உரித்துவிடும்.

மற்ற வழிகள்

1200 டிகிரிக்கு மேல் சுட்டு, மேலே கண்ணாடிப் பூச்சு ஏற்றும் பீங்கான் வகை வேலை கண்ணுக்கு அழகு. புதுச்சேரியில் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியிலிருந்து பரவிய இந்தக் கலையை மதிக்கிறேன். ஊர் வேலைக்கு ஒத்துவராது என்பதுதான் என் கருத்து. செலவு அதிகம், மண்ணும் பூச்சும் வெளியிலிருந்து வர வேண்டும், உருவம் செய்து கொடுத்த பிறகு மிச்ச வேலை முழுவதும் பட்டறைக்குள் நடந்துவிடும். பூச்சு ஏறியதில் தண்ணீர் கசியாது, ஆகவே பானைப் பாசனத்துக்கும் பயன்படாது. பள்ளியின் உள்சுவரில் ஒரே ஒரு நல்ல ஓவியம் பதிக்க வேண்டுமானால் செய்யுங்கள்.

சுவரில் மண் புடைப்புச் சித்திரம் செய்வது பலரும் மறந்துபோகும் நல்ல வழி. குஜராத்தின் கச்சுப் பகுதியில் மண்ணும் சாணமும் குழைத்துச் சுவரில் கொடியும் பூவும் எழுப்பிச் சின்னச் சின்னக் கண்ணாடி பதிக்கிறார்கள், லிப்பன் வேலை என்று பெயர். நம் அங்கன்வாடித் திண்ணை, நூலகத் தாழ்வாரம், கோயில் மடப்பள்ளிச் சுவர் என்று கூரை நிழல் இருக்கும் இடங்களுக்கு இது கச்சிதம். சிமென்ட் பூசிய வழவழப்பான சுவரில் மண் பிடிக்காது, கொத்திவிட்டுச் சாணக் கரைசல் அடித்த பிறகு பூச வேண்டும். மழை அடிக்கும் சுவருக்கு வேண்டாம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது உதிர்ந்த இடத்தை ஒட்டிவிட்டால் போதும். வெளியில் போக முடியாத முதியவர்களும், பரீட்சை நேரத்தில் கண்மாய்ப் பக்கம் அனுப்பப்படாத பிள்ளைகளும் இதில் சேரலாம்.

கடையில் விற்கும் பாலிமர் களிமண், பெயர்தான் களிமண், உள்ளே இருப்பது பி.வி.சி. பிளாஸ்டிக். நீர்நிலைக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோகவே கூடாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஜிப்சத்தைச் சூடாக்கி எடுப்பது, தண்ணீரில் எளிதில் கரையாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் திருத்திய வழிகாட்டுதலில் சிலைகளுக்கு அதை விலக்கியிருக்கிறது. 2023-இல் தமிழ்நாட்டு விநாயகர் சிலை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் விற்பனைக்கு வழி கிடைக்கவில்லை. சாமி சிலைக்கே ஆகாதது நம் தாமரைக்கு ஆகுமா? சிமென்ட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். கரையில் அஸ்திவாரம் தோண்டுவது கரையைப் பலவீனப்படுத்தும், துறையும் அனுமதிக்காது.

ஒன்று பெரிதாகவா, ஆளுக்கொன்றாகவா?

எந்த மண் என்பதற்கு அடுத்தபடி கூட்டத்தில் சண்டை வருவது இதில்தான். பத்தடி உயரத்தில் ஒரு மரம் செய்தால் படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் கை வைப்பது ஆறேழு பேர், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பிரிட்டிஷ் சிற்பி ஆன்டனி கோர்ம்லி 1993-இல் இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் என்ற ஊரில் குடும்பம் குடும்பமாக மக்களைச் சேர்த்து, சுமார் 40,000 சிறிய சுடுமண் உருவங்களைச் செய்ய வைத்தார். அவர் வைத்த விதிகள் மிகக் குறைவு. கைக்குள் அடங்கும் அளவு இருக்க வேண்டும், தானே நிற்க வேண்டும், கண்கள் ஆழமாக இருக்க வேண்டும். விதி சின்னதாக இருந்ததால் பயமில்லாமல் எல்லோரும் செய்தார்கள், மொத்தமாக வைத்தபோது ஒரே கூட்டமாகத் தெரிந்தது.

நம் கரைக்கு இந்த வழியைத்தான் பரிந்துரைப்பேன். விதியை இப்படி வைக்கலாம்: இந்தக் கரையில் நீங்கள் நேரில் பார்த்த ஒரு விதை அல்லது காய், உங்கள் இரண்டு கையும் சேர்ந்து பிடிக்கும் அளவு, அடி தட்டை. “நேரில் பார்த்த” என்பதை விட்டுவிடாதீர்கள். அதற்காகவே பாதிப் பேர் முதல் தடவையாகக் கரையைச் சுற்றி நடப்பார்கள். மனசுக்குத் தோன்றிய பூவைச் செய்யச் சொன்னால் எல்லோரும் ஐந்து இதழ் ரோஜாவோ சூரியகாந்தியோ செய்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வேளாருக்குக் கூலி

இதைத் தனியாக எழுதக் காரணம், பல திட்டங்களில் இது கடைசி வரியாகப் போய்விடுவது. மண் எடுக்க டிராக்டருக்குப் பணம், பந்தலுக்குப் பணம், டீ வடைக்குப் பணம், பேனருக்குப் பணம் என்று ஒதுக்கிவிட்டு, தொழில் தெரிந்த வேளாரை மட்டும் “சேவையா வந்து சொல்லிக்கொடுங்க” என்று அழைப்பார்கள். அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டு வருகிறார், அன்றைய வருமானம் போகிறது. பிளாஸ்டிக் குடமும் அலுமினியச் சட்டியும் வந்த பிறகு எத்தனையோ வீடுகளில் சக்கரம் நின்றுபோனது நமக்குத் தெரியும். மானாமதுரை மண்பாண்டத்துக்கும் வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, மகிழ்ச்சி. அது நம் பக்கத்து ஊர்க் குயவரின் வீட்டில் உலை கொதிக்க வைக்காது. பட்ஜெட்டில் முதல் வரியாக அவருடைய கூலியை எழுதுங்கள். சூளைப் பானைகளை அவரிடமே விலைக்கு ஆர்டர் கொடுங்கள். பிள்ளைகள் முன்னால் அவரை ஆசிரியர் என்று அறிமுகப்படுத்துங்கள்.

எந்த ஊருக்கு எது

நல்ல களிமண் உள்ள கண்மாய், பக்கத்தில் வேளார், ஓரளவு பணம் என்று மூன்றும் இருந்தால் இரண்டு வழியையும் சேர்த்துச் செய்யுங்கள். ஊரார் எல்லோரும் செய்வது பச்சை மண்ணில், ஆண்டுதோறும். சுடுவது கன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் பாசனப் பானையும், மர வகைக்கு ஒன்றாகப் பெயர்ப்பலகையும் மட்டும். பணமில்லை என்றால் பச்சை மண் மட்டும், யோசிக்கவே வேண்டாம். நகரத்து அடுக்குமாடி என்றால் மாடித் தொட்டிகளுக்கான சிறிய பாசனப் பானைகளில் தொடங்குங்கள். மண்ணையும் சூளையையும் குயவர் பார்த்துக்கொள்வார், வடிவம் உங்களுடையது. ஏரிக்கரையில் வைப்பது அனுமதி கிடைத்த பிறகு. பள்ளிக்கூடமென்றால் தாழ்வாரச் சுவர்.

காலக்கணக்கை மழையை வைத்துத்தான் போட வேண்டும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. வைகாசி, ஆனியில் கண்மாய் வறண்டிருக்கும்போதே மண்ணை எடுத்து, கரைத்து, வடித்து, மூடிப் புளிக்க விடுங்கள். மண் பழசாகப் பழசாகக் கைக்கு இணங்கும். ஆடியில் பானைகளும் பலகைகளும் செய்து, ஆவணியில் மழையில்லாத ஒரு வாரம் பார்த்துச் சூளை வையுங்கள். பச்சை மண் சிற்பங்களைப் புரட்டாசிக் கடைசியில் செய்து கரையின் வெளிச்சரிவுக்கு அப்பால், மேட்டு நிலத்தில் வைத்தால் ஐப்பசி மழைக்குச் சரியாக இருக்கும். கரையின் மேலேயோ உள்சரிவிலோ வேண்டாம், மதகுக்கும், மிகுதி நீர் வழியும் கலுங்குக்கும் போகும் பாதையை மறிக்கவும் கூடாது.

இந்த வருஷமே செய்ய நினைத்தால் இரண்டு காரியங்களை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம், வேளாருக்கு முன்பணம். கண்மாயில் தண்ணீர் வந்துவிட்டால் மண் கிடைக்காது. கார்த்திகை விளக்குக்கு ஆர்டர் குவியத் தொடங்கிவிட்டால் வேளாரும் கிடைக்க மாட்டார்.